போட்டோஷொப்பில் மேட்டை வெள்ளையாக்கினாலும் கறுப்பாக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லையே? (அம்மம்மாவின் நினைவு மலர், அவசரம்)

உப்புவெளிப் பேத்தி:

அம்மம்மா போய் இன்றைக்கு 19 நாள். 31ஆம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டும். ஏ5 அளவு, 18 பக்கம், அட்டை கலர், உள்ளே கறுப்பு வெள்ளை. மாமாமார் காசு போடுகிறார்கள், பெரியம்மா எழுத்து வேலை பார்க்கிறா, படங்களை அடுக்குகிற வேலை மட்டும் "நீதானே எந்த நேரமும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறாய்" என்று என் தலையில் விழுந்துவிட்டது. நான் இருப்பது எக்செலுக்கு முன்னால் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்.

மச்சானின் மடிக்கணினியில் பழைய போட்டோஷொப் ஒன்று இருக்கிறது. மேட் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த சில வடிவங்களை எடுத்து வைத்திருக்கிறேன்: தூரிகையால் இழுத்தது போல ஓரம் பிய்ந்த ஒரு சதுரம், ஒரு நீள்வட்டம், கொஞ்ச வட்டங்கள். எல்லாம் கறுப்பு நிறத்தில் பி.என்.ஜி. கோப்புகள். அதற்குள் படம் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை. ஒரு வீடியோவில் "வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும்" என்றார்கள். சரி என்று மேட்டை வெள்ளையாக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. திரும்பக் கறுப்பாக்கினேன், அப்போதும் அப்படியே. ஆத்திரத்தில் சிவப்பும் அடித்துப் பார்த்தாயிற்று. கடைசியில் அழிப்பானை எடுத்து அம்மம்மாவைச் சுற்றிக் கையாலேயே அழித்து, சேவ் பண்ணி, மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் திறந்தால் தோட்டோடு சேர்த்து ஒரு காதைக் காணவில்லை.

இருக்கிற படங்களில் நல்லது ஒன்றுதான். கோணேசர் கோயிலுக்குப் போன ஒரு நாள், கோட்டைக்குள் மான்கள் நிற்கிற இடத்தில் எடுத்த குடும்பப் படம், ஓரத்தில் அம்மம்மா ஒரு மானுக்கு வாழைப்பழத் தோல் நீட்டிக்கொண்டு நிற்கிறா. அதை வட்டத்துக்குள் போட்டால் ஒன்று கொண்டை வெட்டுப்படுகிறது, இல்லாவிட்டால் கை வெட்டுப்படுகிறது. அந்தியேட்டியை (31ஆம் நாள் கிரியையை) கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் செய்வதால் அங்கே இருக்கிற ஏழு கிணற்றை நினைத்து ஏழு வட்டம், ஏழு படம் வைக்கலாம் என்று தங்கை சொல்கிறாள், அது சரிவருமா? அட்டையில் "அம்மம்மா" என்ற எழுத்துகளுக்குள்ளே, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையிலிருந்து எடுத்த கடல் தெரிய வேண்டும் என்றும் ஆசை. ஆனால் தட்டினால் புள்ளிகள் எழுத்தின் தலையில் நிற்காமல் தனியாகப் பக்கத்தில் போய் நிற்கின்றன.

இதற்கிடையில் அச்சகத்தில் "மேட்டா, குளோஸா?" என்று கேட்டார்கள். "ஓரம் பிய்ந்த மேட்" என்று சொல்லிவிட்டேன். அந்த அண்ணா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பாலையூற்று டிசைன்காரன்:

அவர் கேட்டது அட்டைக்குப் போடுகிற லெமினேசன் தங்கச்சி, பளபளப்பில்லாததா பளபளப்பானதா என்று. பெயர் ஒன்று, வேலை வேறு. பளபளப்பில்லாததையே சொல்லுங்கள், நினைவு மலருக்கு அதுதான் அடக்கமாக இருக்கும்.

உங்களுக்கு நடந்தது என்னவென்றால் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறீர்கள். வெள்ளை காட்டும் கறுப்பு மறைக்கும் என்பது லேயர் மாஸ்க்குக்கு உரிய கதை, அது படத்தின் லேயரிலேயே (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற தட்டுத்தான் லேயர்) ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டாவது சிறு கட்டம். நீங்கள் எடுத்து வைத்திருக்கிற மேட் வேலை செய்வது கிளிப்பிங் மாஸ்க் முறையில், அதில் நிறத்துக்கு வேலையே இல்லை. கீழே இருக்கிற லேயரில் எங்கே மை இருக்கிறதோ அங்கே மேலே இருக்கிற படம் தெரியும், எங்கே வெறுமையோ அங்கே தெரியாது. முறுக்கு உரலின் அச்சு பித்தளையா பிளாஸ்டிக்கா என்று மாவுக்குத் தெரியுமா, ஓட்டை என்ன வடிவமோ அந்த வடிவத்தில் வரும், அதே கதைதான். நீங்கள் சிவப்பு அடித்தது வீண் என்றாலும் பாவமில்லை.

ஒழுங்கு முக்கியம்: மேட் கீழே, படம் அதற்கு நேர் மேலே. நீங்கள் மேட்டை மேலே வைத்துப் படத்தை மூட முயன்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், முதல் தடவை எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் செய்தேன். லேயர் பட்டியலில் படத்தைத் தெரிவு செய்துகொண்டு கொன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அல்லது ஆல்ட்டைப் பிடித்தபடி இரண்டு லேயருக்கும் நடுவில் உள்ள கோட்டில் கிளிக் பண்ணுங்கள். படத்தின் லேயர் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறியோடு நிற்கும். முடிந்தது. இனி நகர்த்தும் கருவியால் படத்தை மட்டும் இழுத்தால் மேட் அசையாது, உள்ளே முகம் நகரும். கொண்டை வெட்டுப்பட்டால் கொஞ்சம் கீழே இழுங்கள், யாருக்கும் காது போகாது. மேட்டையும் படத்தையும் சேர்த்து நகர்த்த வேண்டுமென்றால் இரண்டையும் தெரிவு செய்யுங்கள்.

இதைத் தொடங்க முன்னர் ஒன்று: படத்தின் லேயரை ரைட் கிளிக் பண்ணி ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் ஆக்கிவிடுங்கள். ஆக்காமல் ஒரு தடவை சிறிதாக்கிவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் பழைய கூர்மை திரும்பி வராது. ஓரத்தில் கோடோ நிழலோ வேண்டுமென்றால் கீழே இருக்கிற மேட் லேயருக்குப் போடுங்கள், படத்துக்குப் போட்டால் நிழலும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போகும், "ஏன் வரவில்லை" என்று இன்னொரு தடவை இங்கே வந்து கேட்பீர்கள்.

மேட் முழுக்க மையாக இல்லாமல் ஓரம் மங்கி இருந்தால் படமும் அந்த அளவுக்கே மங்கும். மேட்டில் பாதி மை என்றால் படமும் பாதிதான் தெரியும். உங்கள் பிய்ந்த ஓரம் அப்படித்தான் வேலை செய்கிறது. அதை ஒரு பக்கத்தில் வையுங்கள், அல்லது இரண்டில். எல்லாப் பக்கத்திலும் பிய்ந்த ஓரம் வைத்த கலியாண அல்பங்களைக் கண்டு கண்டு எனக்கு அலுத்துவிட்டது, கறையான் அரித்த புத்தகம் மாதிரி இருக்கும்.

ஏழு படத்துக்கு: ஒவ்வொரு மேட்டும் தனித்தனி லேயர், ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே அதற்குரிய படம். ஏழு வடிவத்தையும் ஒரே லேயரில் சேர்த்துவிட்டால் ஒரே படம் ஏழு யன்னல் வழியாகத் தெரிகிற மாதிரி வரும், அதுவும் அழகுதான், ஆனால் கடல், வானம் போன்ற அகலமான காட்சிக்குத்தான் பொருந்தும். ஆட்கள் உள்ள படம் என்றால் இடைவெளி சரியாக ஒருவருடைய மூக்கில்தான் வந்து விழும். அப்புறம், கன்னியாக் கிணறுகள் சதுரமாகத்தானே கட்டியிருக்கிறது? வட்டத்துக்கு ஏன் அடம்பிடிக்கிறீர்கள்.

பழைய ஸ்டூடியோ:

பிள்ளை, முதலில் என் அனுதாபம். நான் திருகோணமலை ரவுணில் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூமில் நின்றவன், கொம்பியூட்டர் வர முன்னர். மேலே தம்பி சொன்னது எனக்கு முழுதும் விளங்காது, ஆனால் மேட் விளங்கும், ஏனென்றால் அதைக் கத்தரிக்கோலால் வெட்டியவன் நான்.

ஆட்களின் முகம் நடுவில் தெளிவாக இருந்து, சுற்றி வெள்ளையாகக் கரைந்து போகிற நீள்வட்டப் படங்கள் உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கும். அதற்கு நாங்கள் ஒரு தடித்த மட்டையில் நீள்வட்ட ஓட்டை வெட்டி, படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழுத்துகிற என்லார்ஜரின் வெளிச்சத்துக்கும் கீழே இருக்கிற தாளுக்கும் நடுவில் பிடிப்போம். ஓட்டையால் விழுகிற வெளிச்சம் மட்டும் தாளில் படும், மற்ற இடம் வெளிச்சம் காணாதபடியால் கழுவின பிறகு வெள்ளையாகவே நிற்கும். மட்டையை அசையாமல் பிடித்தால் ஓரம் கொஞ்சம் இறுகி நிற்கும். கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தால் ஓரம் புகை மாதிரிக் கரையும். எத்தனை செக்கன் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஆட்ட வேண்டும். யாராவது கதவைத் தட்டினால் எண்ணிக்கை பிழைத்துத் தாள் வீண்.

சொல்ல வந்தது அதில்லை. ஓட்டை வெட்ட முன்னர் முதலாளி கேட்பது ஒரே கேள்விதான்: ஆள் எங்கே பார்க்கிறார்? கமராவைப் பார்க்கிறவருக்கு நீள்வட்டம், வட்டம் எதுவும் பொருந்தும். பக்கவாட்டில் பார்க்கிறவருக்கு அந்தப் பக்கம் வெளி விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். உங்கள் அம்மம்மா மானைப் பார்க்கிறா, கையும் மான் பக்கம் நீள்கிறது. அந்தப் படம் முழுக்க இருப்பது அந்தக் கைக்கும் மானின் மூக்குக்கும் நடுவில். அதைக் கொண்டுபோய் வட்டத்துக்குள் திணிக்கலாமோ? படுக்கை வசமாக ஒரு நீள்சதுரம் வையுங்கள், ஒரு பக்கத்தில் அம்மம்மா, மறுபக்கத்தில் மான், ஓரத்தில் வேலைப்பாடு ஒன்றும் வேண்டாம். முகம் பக்கத்தின் உட்புறத்தைப் பார்க்கிற மாதிரி வையுங்கள், வெளியே பார்த்தால் புத்தகத்தை விட்டுப் போகிற மாதிரி இருக்கும். நினைவு மலரில் அது வேண்டாமே.

தலைக்கு மேல் இரண்டு விரல் இடம். கழுத்தோடு வெட்டாதேங்கோ, தோள் வரட்டும்.

ஜிம்ப் பொடியன்:

போட்டோஷொப் மாதிரியே இலவசமாகக் கிடைக்கிற ஜிம்ப்பில் செய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால்: மேட் லேயரை ரைட் கிளிக் பண்ணி அல்பா டு செலெக்சன், பிறகு படத்தின் லேயருக்கு வந்து ஆட் லேயர் மாஸ்க், அதில் செலெக்சன் என்பதைத் தெரிவு செய்து ஓகே. மேட் லேயரின் கண்ணை மூடிவிடுங்கள். கறுப்பு வெள்ளைக் கதை இங்கே உண்மை, மாஸ்க்கில் வெள்ளை பூசினால் படம் திரும்ப வரும்.

ஆனால் 18 பக்கத்தையும் போட்டோஷொப்பில் தனித்தனியாகச் செய்வது என்ன தண்டனை? புத்தகப் பக்கம் அடுக்குவதற்கென்றே இருக்கிற இன்டிசைன் அல்லது ஸ்கிரைபஸில் பிரேம் வரைந்து அதற்குள் படத்தை விட்டால் பிரேமே மேட்தான், படம் மாறினாலும் பிரேம் அப்படியே நிற்கும். எழுத்தும் அதிலேயே ஓடும்.

உப்புவெளிப் பேத்தி:

வந்துவிட்டது! பாலையூற்று அண்ணா, அந்தச் சின்ன அம்புக்குறி வந்தவுடன் நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டா. மேட்டை மேலேதான் வைத்திருந்தேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்.

ஸ்டூடியோ ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி நீள்சதுரம் வைத்தேன். மானோடு சேர்த்துப் பார்த்த பிறகு வட்டத்தில் பார்க்கவே முடியவில்லை. வீட்டில் நீங்கள் சொன்ன நீள்வட்டப் படமும் இருக்கிறது, அது அப்பப்பாவினுடையது, ஓரம் புகைதான். யாரோ கையை ஆட்டிக்கொண்டு எண்ணியிருக்கிறார்கள் என்று இவ்வளவு நாளும் தெரியாது. ஜிம்ப் தம்பி, இன்டிசைன் படிக்க எனக்கு 12 நாள் போதாது, அடுத்த முறை (அடுத்த முறை வேண்டாம், சாமி).

இரண்டு சிக்கல் மிச்சம். வட்டத்தைப் பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டு மாதிரி வருகிறது. மற்றது, அம்மம்மா வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கிற படத்தைப் பின்னணி இல்லாமல் வெட்டி எடுத்துச் சாம்பல் நிறப் பக்கத்தில் வைத்தேன், தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது. சாமிப் படத்து ஒளிவட்டம் மாதிரி. அம்மா அப்படியே இருக்கட்டும் என்கிறா, எனக்குப் பிடிக்கவில்லை.

பாலையூற்று டிசைன்காரன்:

படிக்கட்டு வருவது நீங்கள் எடுத்த மேட் சின்னக் கோப்பு என்பதால். 300 பிக்செல் வட்டத்தை 1200 ஆக இழுத்தால் வேறு என்ன வரும். வட்டம், சதுரம், நீள்வட்டத்துக்கு இணையத்துக்குப் போகவே தேவையில்லை, போட்டோஷொப்பின் வடிவக் கருவியாலேயே வரையுங்கள், ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் சரியான வட்டம். அது கோட்டுக் கணக்கில் நிற்கிற வடிவம், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. பிய்ந்த ஓரம் மாதிரி வேலைப்பாடு உள்ளதை மட்டும் வெளியிலிருந்து எடுங்கள், பெரிய அளவாகப் பார்த்து.

அதே கணக்கு படத்துக்கும் உண்டு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்செல் வேண்டும், பக்கத்தில் 10 சென்ரிமீற்றர் அகலத்துக்குப் படம் வருகிறது என்றால் ஏறக்குறைய 1200 பிக்செல். மான் படம் வட்ஸ்அப்பில் வந்ததா? சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்செலுக்குச் சுருக்கிவிடும், அதிலும் நீங்கள் எடுப்பது ஓரத்தில் நிற்கிற அம்மம்மாவையும் மானையும் மட்டும், மிஞ்சுவது 500 கூட இருக்காது. எடுத்தவரின் போனில் மூலப்படம் இருந்தால் டொக்கியூமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. இதை இன்றைக்கே செய்யுங்கள்.

வெள்ளைக் கோட்டுக்கு: தலைமுடி ஓரத்தில் உள்ள பிக்செல்களில் பாதி முடி, பாதி சுவர். வெள்ளைப் பக்கத்தில் அது தெரியாது, சாம்பலில் காட்டிக்கொடுக்கும். வெட்டி எடுத்த லேயருக்கு ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு, லேயர் மெனுவில் கடைசிப் பக்கமாக மேட்டிங் என்று ஒன்று இருக்கும் (ஓம், இன்னொரு மேட், இந்தச் சொல்லுக்கு ஓய்வே இல்லை), அதில் ரிமூவ் வைட் மேட். போகாவிட்டால் அதற்குள்ளேயே டிஃபிரிஞ், 1 பிக்செல். இரண்டுக்கு மேல் போகாதீர்கள், முடி பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.

ஒளிவட்டம் விஷயத்தில் நான் அம்மா பக்கம் பேசவில்லை, உங்கள் பக்கம்தான்.

அச்சு மை:

கொஞ்சம் பிந்தி வருகிறேன், அச்சகக்காரன் கண்ணால் பார்க்கிறேன்.

எழுத்துக்குள் கடல்: பழைய போட்டோஷொப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகக் கோர்க்காது, அதனால்தான் புள்ளி வெளியே நிற்கிறது. பிறகு வந்த சில பதிப்புகளில் அமைப்புக்குள் போய் எழுத்துப் பகுதியில் மத்திய கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போட்டால் சரியாகும். உங்களிடம் பழையது என்றபடியால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டுங்கள், நாங்கள் இன்றைக்கும் அப்படித்தான், அதில் ஒவ்வொரு குறியும் தனித்தனி, கோர்க்க வேண்டிய வேலை இல்லை. தட்டி முடித்ததும் எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள், ரைட் கிளிக்கில் கொன்வேர்ட் டு ஷேப். மாற்றாமல் கோப்பைக் கொடுத்து, வாங்கிய இடத்தில் அந்தப் பாமினி இல்லாவிட்டால் "அம்மம்மா" ஆங்கிலக் கிறுக்கலாக வந்து நிற்கும். ஒரு முறை ஒரு கலியாணக் கார்டில் மாப்பிள்ளையின் பெயர் அப்படி வந்து, நாங்கள் பட்ட பாடு.

தடித்த எழுத்தாகத் தெரிவு செய்யுங்கள். மெல்லிய கோட்டுக்குள் கடலும் தெரியாது, வானமும் தெரியாது, ஏதோ நீலம் என்று மட்டும் தெரியும். "ம" வில் கீழே ஒரு நீளக் கோடு கிடைக்கும், அலை அந்த உயரத்தில் வருகிற மாதிரிப் படத்தை இழுத்துப் பாருங்கள். எழுத்தின் மேல்பக்கம் வெள்ளை வானத்தில் விழுந்தால் வெள்ளை அட்டையில் பாதி எழுத்து காணாமல் போகும், அதற்கு மெல்லிய கோடு ஒன்று சுற்றிப் போடலாம், அல்லது கடல் மட்டும் வருகிற இடத்தைப் பிடிக்கலாம். நான் என்றால் கடலை மட்டும் பிடிப்பேன்.

உள்பக்கம் கறுப்பு வெள்ளை என்றீர்கள். எல்லாப் படத்தையும் முதலில் கிரேஸ்கேல் ஆக்கிவிட்டுப் பிறகு மேட்டுக்குள் வையுங்கள். கலரில் சிவப்புச் சேலையும் பச்சை மரமும் பளிச்சென்று பிரிந்து நிற்கும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஆளும் மரமும் ஒன்றாகிவிடும். புகை மாதிரிக் கரைகிற ஓரம் திரையில் நன்றாக இருக்கும், ஆனால் அச்சில் மிக மெல்லிய புள்ளிகள் தாளில் நிற்காது, கரைந்து வந்த ஓரம் ஓர் இடத்தில் சட்டென்று அறுந்த மாதிரித் தெரியும். அதனால் கரைகிற தூரத்தைச் சுருக்கி வையுங்கள், ஐயாவின் கை கொஞ்சம் குறைவாக ஆடட்டும். பக்க விளிம்பு வரை போகிற படத்துக்கு வெளியே 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள், வெட்டும்போது கத்தி அங்கே இங்கே போகும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், நான் பிழையாக வாசித்தேனோ தெரியாது. 18 பக்கமா?

உப்புவெளிப் பேத்தி:

ஓம், 18. ஏன்?

அச்சு மை:

நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம் நான்கு நான்காகத்தான் போகும் தங்கச்சி. ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். அட்டையையும் சேர்த்து 16, அல்லது 20.

உப்புவெளிப் பேத்தி:

ஐயோ. 16 ஆக்கினால் பெரியம்மாவின் எழுத்தில் இரண்டு பக்கம் போக வேண்டும், அதை அவவிடம் சொல்லப் போவது நான் இல்லை. 20 என்று அச்சகத்துக்கு இப்போதே சொல்கிறேன். மான் படத்தை இரண்டு பக்கத்துக்கும் குறுக்காக வைத்தால் இடம் நிரம்பும் போல, மடிப்பு கைக்கும் மானுக்கும் நடுவில் விழாமல் எப்படி வைப்பது?

பழைய ஸ்டூடியோ:

நடுவில் விழக்கூடாது. ஆளும் மானும் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் வரட்டும், மற்றப் பக்கத்துக்குப் புல்லையும் கோட்டை மதிலையும் விடுங்கோ. அங்கே ஒன்றும் எழுத வேண்டாம்.